லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் நாடகத்தை மேஜராகப் படிப்பது: ஒரு தந்தையின் மூன்று கேள்விகளுக்கு விடை

உங்கள் மகள் பள்ளி இறுதியாண்டில் இருக்கிறார் என்றும், கணிதத்தில் நல்ல மதிப்பெண் இருந்தும் அமெரிக்காவின் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி (பல துறைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் இளநிலைக் கல்லூரி) ஒன்றில் நாடகத்தை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுத்துப் படிக்கவே விரும்புகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகள் அங்கே என்னதான் கற்பிப்பார்கள், நடிப்புதான் வேண்டுமென்றால் நடிப்புக்கென்றே உள்ள பி.எஃப்.ஏ. படிப்பில் சேர்ப்பது மேல் அல்லவா, படித்து முடித்தபின் பிழைப்புக்கு வழி உண்டா என்பவை உங்கள் கேள்விகள். அமெரிக்கக் கல்லூரி நாடகத் துறைகளில் மேடை மேலாண்மை கற்பித்தும் மாணவர் தயாரிப்புகளை நடத்தியும் வந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது கேள்விக்கான விடை முதல் கேள்வியின் விடையைப் பொறுத்தது என்பதால், என்ன கற்பிக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

பெற்றோர் பலர் முதலில் குழம்புவது பட்டங்களின் வேறுபாட்டில். இளநிலையில் நாடகத்தை இரண்டு வழிகளில் படிக்கலாம். பி.எஃப்.ஏ. (நுண்கலை இளநிலைப் பட்டம்) என்பது தொழில்முறைப் பட்டம். அதில் சேர்ந்த மாணவர் எடுக்கும் பாடங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நடிப்பு, குரல், உடலசைவு என்று துறைக்குள்ளேயே அமைந்துவிடும். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பெரும்பாலும் தருவது பி.ஏ. பட்டம். செமஸ்டருக்கு 4 பாடம், 8 செமஸ்டருக்கு 32 பாடம் என்று வைத்துக்கொண்டால், நாடக மேஜருக்கு 10 முதல் 12 பாடங்கள் வரை கேட்பார்கள். மீதமுள்ள 20 பாடங்கள் வரலாறு, உயிரியல், பொருளியல், ஜப்பானிய மொழி என்று பல துறைகளில் சிதறிக் கிடக்கும். இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலும் இரண்டாயிரம், மூவாயிரம் மாணவர்களுக்கு மேல் இருக்க மாட்டார்கள். முதுநிலைப் படிப்பும் அநேகமாக இருக்காது. முதுநிலை மாணவர்கள் இல்லாததன் பலன் நாடகத் துறையில் கண்கூடாகத் தெரியும். பெரிய பல்கலைக்கழகங்களில் முதுநிலை மாணவர்களுக்குப் போகும் முக்கியப் பாத்திரமும் ஒளியமைப்பும் நெறியாள்கையும் இங்கே இருபது வயது மாணவர் கைக்கு வந்துவிடும்.

இந்த இரண்டு வழிகளும் நூறாண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. 1914-இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகம், நாடகத்துக்கென்றே பட்டம் தரும் படிப்பை அமெரிக்காவில் முதன்முதலாகத் தொடங்கியது. அதே காலத்தில் ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் நாடகம் எழுதும் பயிலரங்கு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். யூஜீன் ஓநீல் அவரிடம் படித்தவர். பயிலரங்கைப் பொறுத்துக்கொண்ட ஹார்வர்ட் அதற்குப் பட்டம் தர முன்வராததால், 1925-இல் பேக்கர் யேலுக்குப் போய்விட்டார். அதே ஆண்டில்தான் அவரிடம் பயின்ற ஹாலி ஃபிளனகன், அப்போது பெண்கள் கல்லூரியாக இருந்த வாசர் கல்லூரியில் வந்து சேர்ந்தார். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரை ஊரான போகீப்சியில் உள்ள கல்லூரி அது. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் நாடகம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் சுட்டிக்காட்டுவது அவர் 1927-இல் அங்கே செய்த ஒன்றைத்தான்.

பெண் கேட்க வந்த ஒருவன், வந்த காரியத்தை மறந்து, முதலில் ஒரு புல்வெளி யாருக்குச் சொந்தம் என்றும் பிறகு யாருடைய நாய் உயர்ந்தது என்றும் பெண்ணோடு சண்டை போட்டு மூச்சுத் திணறும், ருஷ்ய எழுத்தாளர் செக்காவின் குறுநாடகம் ஒன்று உண்டு. ஃபிளனகன் அதைத் தம் மாணவியரைக் கொண்டு ஒரே நிகழ்ச்சியில் மூன்று முறை மேடையேற்றினார். முதல் முறை நடப்பியல் பாணியில். இரண்டாம் முறை வெளிப்பாட்டியல் பாணியில். மூன்றாம் முறை, சோவியத் நாட்டில் தாம் நேரில் பார்த்துவிட்டு வந்த நெறியாளர் மேயர்ஹோல்டின் கட்டமைப்புவாத பாணியில். நாடகம் ஒன்றேதான். மேடையும் உடலும் மாறும்போது அதே சண்டை முதலில் சிரிப்பாகவும், பிறகு கெட்ட கனவாகவும், பிறகு இயந்திரத்தின் ஓட்டமாகவும் ஆகிவிடுகிறது. இதைச் செய்து பார்த்த மாணவிக்கு நடிப்பு மட்டும் தெரிந்தால் போதாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் என்ன நடந்தது, ஓவியத்தில் என்ன மாறியது, புரட்சிக்குப் பிந்திய ருஷ்யாவில் மேடையை ஏன் தொழிற்சாலைபோல் அமைத்தார்கள் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். தொழில்முறைப் பள்ளியில் இதற்கு நேரம் ஒதுக்குவது கடினம். பி.ஏ. மேஜரின் நோக்கமே இதுதான்.

ஃபிளனகனின் கதை அங்கே முடியவில்லை. 1935-இல் ரூஸ்வெல்ட் அரசு பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த நாடகக் கலைஞர்களுக்காகக் கூட்டாட்சி நாடகத் திட்டத்தைத் தொடங்கியபோது, வேலை நிவாரணப் பணிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த ஹாரி ஹாப்கின்ஸ், நியூயார்க்கின் வணிக நாடக உலகான பிராட்வேயின் தயாரிப்பாளர் எவரையும் அழைக்காமல் இந்தப் பேராசிரியையை அதன் தலைவராக்கினார். இருவரும் ஐயோவாவின் கிரின்னெல் கல்லூரியில் ஏறத்தாழ ஒரே காலத்தில் படித்தவர்கள். நாடெங்கும் பல்லாயிரம் பேருக்கு வேலை தந்த அத்திட்டத்தில்தான் ஆர்சன் வெல்ஸும் ஜான் ஹவுஸ்மனும் ஹார்லெமில் கறுப்பின நடிகர்களைக் கொண்டு மேக்பெத்தை மேடையேற்றினார்கள். 1938 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது ஃபிளனகன் மார்லோவின் பெயரைச் சொல்ல, அந்த மார்லோ கம்யூனிஸ்டா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் அவர் என்பதைக் குறிப்பில் பதிவு செய்யுமாறு ஃபிளனகன் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே திட்டத்துக்கு நிதி நிறுத்தப்பட்டது. மேஜர் என்னத்துக்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு இந்தச் சாட்சியக் குறிப்பையும் நான் காட்டுவதுண்டு.

இனி இன்றைய வகுப்பறைக்கு வருகிறேன். முதலாண்டில் நடிப்பு அடிப்படைப் பாடம், பிரதியை வாசிக்கும் பாடம், மேடைத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் ஒன்றிரண்டு இருக்கும். நடிப்புப் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் கற்பனை செய்வதுபோல்தான் இருக்கும், முதல் சில வாரங்கள் வசனமே இல்லாமல் மூச்சும் கவனமுமாகப் போகும் என்பதைத் தவிர. பிரதி வாசிப்புதான் புதிய மாணவரைத் திகைக்க வைக்கும் பாடம். இலக்கிய வகுப்பில் ஒரு நாடகத்தின் பொருள் என்ன என்று கேட்டுப் பழகியவர்களிடம், இங்கே எது நடந்ததால் எது நடந்தது என்று மட்டும் கேட்பார்கள். அதையும் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிக் கேட்பார்கள். நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தில் நோரா கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகிறாள். ஏன்? கணவன் ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு அவளிடம் எப்படி நடந்துகொண்டான் என்பதை அவள் பார்த்துவிட்டாள். கடிதம் ஏன் வந்தது? அதை எழுதியவனுக்கு வங்கியில் வேலை போயிற்று. வேலை ஏன் போயிற்று? அந்த இடம் வேறொருத்திக்குக் கொடுக்கப்பட்டது. அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவள் யார்? முதல் அங்கத்தில், பழைய தோழிக்கு உதவுகிறேன் என்ற மகிழ்ச்சியில், நோராவேதான். இப்படிக் கோத்துப் பார்த்த பிறகு, முதல் அங்கத்தில் அந்தச் சிறு உதவியை எவ்வளவு இலேசாக நடிக்க வேண்டும் என்று நடிகைக்கும், அந்த இடத்தில் ஒளியை எதற்காகவும் மாற்றக் கூடாது என்று ஒளியமைப்பாளருக்கும் தெரிந்துவிடும். கணிதத்தில் நாட்டமுள்ள உங்கள் மகளுக்கு இந்தப் பாடம் மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மேடைத் தொழில்நுட்பப் பாடத்தில் ஒட்டுப்பலகையை அறுப்பார்கள், சட்டம் அடித்துத் துணியிழுத்துச் சுவர் செய்வார்கள், ஏணியின் மேல் நின்று விளக்கைத் திருப்புவார்கள், உடைப் பட்டறையில் பொத்தான் தைப்பார்கள். நடிகராக வேண்டும் என்று வந்தவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் பெரும்பாலான துறைகளில் மேஜர் முடிக்க வேண்டுமானால் சில தயாரிப்புகளிலாவது பின்மேடைப் பணி செய்திருக்க வேண்டும் என்பது விதி. விதியை எதிர்த்துப் பேசியவர்கள் பலரை எனக்குத் தெரியும். நான்காம் ஆண்டில் சொந்தத் தயாரிப்பைத் தொடங்கும்போது அவர்களில் அநேகருடைய பேச்சு மாறிவிடும்.

மேடை மேலாண்மை என் துறை என்பதால் அதைச் சற்று அருகிலிருந்து காட்டுகிறேன். மாணவ மேலாளரிடம் ஒரு தடித்த கோப்பு இருக்கும். அதில் பிரதியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே, நடிகர் எங்கிருந்து எங்கே நகர்கிறார், எந்தச் சொல்லில் கோப்பையை எடுக்கிறார் என்பதெல்லாம் குறியீடுகளாகப் பென்சிலில் எழுதப்பட்டிருக்கும். ஒத்திகையில் தினமும் மாறும் என்பதால் பென்சில்தான் வழக்கம். ஒளி மாற்றம் ஒவ்வொன்றுக்கும், ஒலி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. மேடையேற்ற நாளில் மேலாளர் ஹெட்செட் அணிந்து இருட்டில் உட்கார்ந்து, சில நொடிகளுக்கு முன்பே ‘லைட்ஸ் 47 ஸ்டாண்ட்பை’ என்பார்; ஒளிப்பலகையில் இருப்பவர் ‘லைட்ஸ்’ என்று பதில் தருவார்; வசனத்தின் குறிப்பிட்ட அசை வரும்போது ‘லைட்ஸ் 47, கோ’ என்று சொன்னதும் விரல் பொத்தானை அழுத்தும். ஹெட்செட்டில் ‘கோ’ என்பதை வேறு எந்தப் பேச்சிலும் பயன்படுத்தக் கூடாது. தவறிச் சொன்னால் நடுக்காட்சியில் மேடை இருண்டுவிடும். ஒரு நடிகர் பதற்றத்தில் இரண்டு பக்கங்களைத் தாண்டிப் பேசிவிட்டால், எந்த எண்களை விட வேண்டும், எதை உடனே அழைக்க வேண்டும் என்று மேலாளர் அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, தம் பேராசிரியர் உட்பட எல்லாரும் கட்டளைக்குக் காத்திருக்க, இதை இரண்டரை மணி நேரம் குரல் உயர்த்தாமல் செய்து முடிப்பதைப் பார்த்தபின், இது படிப்பா என்ற சந்தேகம் பெற்றோர் எவருக்கும் வந்ததில்லை.

நாடக வரலாறு வழக்கமாக இரண்டு செமஸ்டர் இருக்கும். கிரேக்கம் தொடங்கி இன்று வரை வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். இந்தியாவைப் பற்றிப் பேச ஓரிரு வாரம் கிடைத்தால் நாட்டிய சாஸ்திரமும் கூடியாட்டமும் கதகளியும் வந்து நிற்கும். நம் தெருக்கூத்து அநேகமாக வராது. இத்தனைக்கும் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபிராஸ்கா தெருக்கூத்தில் நிகழும் பாரதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் முழு நூலே எழுதியிருக்கிறார். காஞ்சிபுரத்தை ஒட்டிக் கட்டைக்கூத்துச் சங்கம் 1990 முதல் இயங்கி வருகிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்த மாணவி ஒருவர் இறுதியாண்டு ஆய்வுக்கு இதை எடுத்தால், வகுப்பில் வேறு எவராலும் தொட முடியாத மூலங்கள் அவர் கையில் இருக்கும். உங்கள் மகளுக்குத் தமிழ் படிக்க வரும் என்றால் இதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இறுதியாண்டுத் திட்டம்தான் கல்லூரிக்குக் கல்லூரி பெரிதும் வேறுபடுவது. சில இடங்களில் ஒரு நாடகத்தை இயக்கலாம். சில இடங்களில் முழு நாடகம் எழுதலாம். சில இடங்களில் ஆய்வுக் கட்டுரை மட்டும் கேட்பார்கள். பிலடெல்ஃபியா அருகே உள்ள சுவார்த்மோர் கல்லூரியில் ஆனர்ஸ் மாணவர்களை வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களே மதிப்பிடுகிறார்கள். தம்மைக் கற்பித்தவரின் தயவு அங்கே உதவாது. அந்தக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் 1995-இல் தொடங்கிய பிக் அயர்ன் நாடகக் குழு பிலடெல்ஃபியாவின் பெயர் சொல்லும் குழுவாக வளர்ந்தது. துறைக்கு வெளியே மாணவர்கள் தாமே நடத்தும் அரங்குகளும் முக்கியம். கனெக்டிகட்டின் வெஸ்லியனில் லின்-மானுவல் மிராண்டா இரண்டாமாண்டு மாணவராக இருந்தபோது எழுதிய இசை நாடகம், 2000-இல் மாணவர் அமைப்பு ஒன்றின் தயாரிப்பாக அங்கேயே மேடை கண்டது. பலமுறை மாற்றி எழுதப்பட்டு 2008-இல் அதுவே ‘இன் தி ஹைட்ஸ்’ என்று பிராட்வேக்குப் போயிற்று. அதை இயக்கிய தாமஸ் கேலும் அதே கல்லூரியில் படித்தவர்தான். அவரது மேஜர் வரலாறு.

பிற துறைப் பாடங்கள் வெறும் நிபந்தனை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் நாடக இயக்குநர் ஜூலி டேமர் படித்தது நாட்டார் வழக்காறும் தொன்மமும். 1974-இல் பட்டம் பெற்றபின், லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் படிப்பை முடிப்பவர்களுக்கென்றே உள்ள வாட்சன் உதவித்தொகையில் ஜப்பானுக்கும் இந்தோனேசியாவுக்கும் போய், முகமூடிகளையும் பொம்மலாட்டத்தையும் கற்று, அங்கேயே குழு ஒன்றையும் நடத்தினார். 1997-இல் பிராட்வேயில் ‘தி லயன் கிங்’ மேடையேறியபோது மனித உடலின் மேல் விலங்கு முகம் நின்ற அந்த முறை அங்கே கற்றதன் தொடர்ச்சி. அடுத்த ஆண்டு, இசை நாடக இயக்கத்துக்கான டோனி விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார் அவர். மாசசூசெட்ஸின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் படித்த நாடகாசிரியர் சூசன்-லோரி பார்க்ஸ், பக்கத்து ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ஜேம்ஸ் பால்ட்வின் நடத்திய புனைவெழுத்து வகுப்புக்குப் போய்வந்தார். ஐந்து கல்விநிலையங்கள் கூட்டாகப் பாடங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அந்த வட்டாரத்தில் உண்டு. தம் கதைகளை உரக்க, பாத்திரமாகவே மாறி வாசித்த அந்த மாணவியைப் பார்த்து நாடகம் எழுதுமாறு சொன்னவர் பால்ட்வின்தான். 2002-இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணாக அவர் ஆனார். இந்த இருவருமே நாடகத்தை மேஜராக எடுத்தவர்கள் அல்லர் என்பதைக் கவனித்திருப்பீர்கள். மேஜர் எடுத்தால்தான் மேடை கிடைக்கும் என்ற கட்டாயம் இக்கல்லூரிகளில் இல்லை. எனவே உங்கள் மகள் கணிதத்தையும் நாடகத்தையும் இரட்டை மேஜராக எடுப்பதும், கணிதத்தை மேஜராக வைத்துக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு நாடகங்களில் இருப்பதும் நடைமுறையில் இயல்பானவை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேர் விடை, மகள் எந்த வகையினர் என்பதைப் பொறுத்தது. நாள் முழுவதும் ஆடிப் பாடி நடிக்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று உறுதியாக இருப்பவருக்கும், குறிப்பாக பிராட்வே பாணி இசை நாடகத்தில் நுழைய நினைப்பவருக்கும் பி.எஃப்.ஏ. பொருத்தமானது, நடனத்திலும் குரலிலும் அந்த அளவு தினப்பயிற்சியைச் சிறு கல்லூரியால் தர இயலாது. பி.எஃப்.ஏ.வில் நுழைவது ஆடிஷன் என்னும் நடிப்புத் தேர்வின் வழியாக. முதலில் காணொளி அனுப்பி, அதில் தேறினால் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களில் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும் கூட்டு ஆடிஷன்களுக்குப் போக வேண்டியிருக்கும். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் பெரும்பாலும் ஆடிஷன் இல்லை. விண்ணப்பத்தோடு கலைப் பணியின் மாதிரியை விரும்பினால் இணைக்கலாம். நடிப்பும் வேண்டும், எழுத்தும் வேண்டும், என்னவாகப் போகிறேன் என்று இன்னும் தெரியவில்லை என்பவரை பி.எஃப்.ஏ.வில் பூட்டுவது எனக்கு உடன்பாடில்லை. நடிப்புப் பயிற்சிக்குக் கதவு அடைபடுவதும் இல்லை. நடிகைகளில் மெரில் ஸ்ட்ரீப் வாசரில் 1971-இல் பி.ஏ. முடித்தார், ஃபிரான்சிஸ் மெக்டார்மண்ட் மேற்கு வர்ஜீனியாவின் பெத்தனி கல்லூரியிலும், லுபிட்டா நியோங்கோ ஹாம்ப்ஷயரிலும் படித்தார்கள். மூவருமே பிறகு யேலின் நாடகப் பள்ளியில் எம்.எஃப்.ஏ. என்னும் முதுநிலைப் பட்டம் முடித்தவர்கள். 2021-இல் கிடைத்த 15 கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகு அந்தப் பள்ளியில் கல்விக்கட்டணமே இல்லை. இளநிலையில் தொழில்பயிற்சிக்கென்று பெருந்தொகை செலவிடுவதற்கு முன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது. இடையில் ஒரு செமஸ்டர் மட்டும் தீவிரப் பயிற்சி வேண்டுமென்றால், கனெக்டிகட்டின் வாட்டர்ஃபோர்டில் ஓநீல் மையம் நடத்தும் தேசிய நாடகப் பயிலகம் இருக்கிறது, 1970 முதல் நடக்கும் அந்தப் படிப்பில் வாரத்தின் ஏழு நாளும் வேலை இருக்கும், பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட்டும் கிடைக்கும்.

பிழைப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேடை நடிப்பை மட்டும் நம்பி வாழ்பவர்கள் மிகக் குறைவு. நடிகர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்களிலேயே எந்த ஒரு வாரத்தை எடுத்தாலும் பெரும்பான்மையோர் மேடையில் இருக்க மாட்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு வட்டார அரங்குகள் பல சுருங்கியும் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸின் மார்க் டேப்பர் ஃபோரம் போன்ற பெரிய அரங்கே 2023-இல் தன் நிகழ்ச்சிகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. மாறாக, ஒளி, ஒலி, மேடை மேலாண்மை, தயாரிப்பு மேலாண்மை ஆகியவற்றில் திறமையானவருக்கு வேலை கிடைப்பது அவ்வளவு கடினம் இல்லை. அந்தத் திறமை மாநாடுகளுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கட்டடங்களுக்கும் தேவைப்படுகிறது. என்னிடம் படித்தவர்களில் வழக்கறிஞர்கள், பள்ளி ஆசிரியர்கள், மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளர்கள், அரங்க நிர்வாகிகள் உண்டு. முழுநேர நடிகர்கள் சிலரே. இதை உங்கள் மகளிடமும் இதே சொற்களில் சொல்லலாம். பதினேழு வயதில் இதைக் கேட்டு மனம் உடைந்துபோவார் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் அவர்களுக்கு இது முன்பே தெரியும்.

ஆனால் எதிர்காலத்தை உண்மையில் தீர்மானிப்பது மேஜரைவிடக் கடன். இன்று பல லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. அச்சிட்ட விலையைக் கண்டு அஞ்ச வேண்டாம். குடும்ப வருமானத்துக்கு ஏற்ற உதவித்தொகைக்குப் பிறகு வரும் தொகையே உங்கள் விலை. ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் அதைக் கணக்கிடும் கருவி இருக்கிறது. நாடகத் துறையில் முதல் ஐந்தாறு ஆண்டுகள் துணை இயக்குநர், துணை வடிவமைப்பாளர் என்று சொற்ப ஊதியத்தில் கற்றுக்கொள்ளும் காலம். மாதந்தோறும் பெரிய தவணை கட்ட வேண்டியவரால் அந்த வாய்ப்புகளை ஏற்க முடியாது. வேறு வேலைக்குப் போய்விடுவார், திரும்பி வருவது அரிது. ஆகவே பெயர் பெற்ற கல்லூரியில் கடனோடு சேர்வதைவிட, பெயர் குறைந்த கல்லூரியில் கடனின்றி முடிப்பது நாடக மாணவருக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. கல்லூரியின் நிதிநிலையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி அல்லவென்றாலும், பிலடெல்ஃபியாவின் கலைப் பல்கலைக்கழகம் 2024-இல் மூடப்போவதாக அறிவித்த ஒரே வாரத்தில் மூடிவிட்டதை மறக்க முடியாது.

உங்கள் மகள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரா என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் செல்பவரானால் இரண்டு செய்திகள் முக்கியம். குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்பதைப் பாராமலே வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுத்து முழுத் தேவையையும் ஈடுசெய்யும் கல்லூரிகள் மிகச் சிலவே. சிறு கல்லூரிகளில் ஆம்ஹெர்ஸ்ட், போடின் ஆகியவை அப்படிப்பட்டவை. மற்றொன்று, படிப்பு முடிந்தபின் வேலை செய்யக் கிடைக்கும் அனுமதி நாடக மேஜருக்கு 12 மாதங்கள்தான். அறிவியல், கணிதப் பட்டங்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இதற்குக் கிடையாது. கணிதத்தோடு இரட்டை மேஜர் எடுப்பதற்கு இதைவிட நடைமுறையான காரணம் வேறில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது வண்ணப் படங்கள் போட்ட சிறுநூலை ஓரமாக வையுங்கள். சேர்க்கை கிடைத்த கல்லூரிகளுக்கு ஏப்ரலில் நேரில் போக முடிந்தால், துறை அலுவலகத்தில் கடந்த நான்காண்டுத் தயாரிப்புகளின் பட்டியலைக் கேளுங்கள். எத்தனையை மாணவர் இயக்கினார்கள், ஒளியும் காட்சியும் யார் கையில் இருந்தன, முதலாண்டு மாணவர்கள் எத்தனை பேருக்குப் பாத்திரம் கிடைத்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கு எப்படிப்பட்ட பாத்திரங்கள் வந்தன என்பதையும் பாருங்கள். சிறு துறையில் ஆண்டுக்கு மூன்று நான்கு நாடகங்களே நடக்கும் என்பதால், நாடகத் தேர்வு ஒருதலையாக இருந்தால் நான்காண்டும் வீணாகிவிடும். முழுநேரத் தொழில்நுட்ப இயக்குநரும் உடைப் பட்டறைப் பொறுப்பாளரும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இவர்கள் இல்லாத துறையில் மாணவர்கள் ஆர்வத்தோடு உழைப்பார்கள், ஆனால் சரியாகச் செய்யக் கற்றுத்தர ஆள் இருக்காது. இவற்றையெல்லாம் பேராசிரியரிடம் கேட்பதைவிட, அரங்கின் பின்கதவருகே பெயின்ட் படிந்த சட்டையோடு நிற்கும் மூன்றாமாண்டு மாணவரிடம் உங்கள் மகளைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் உடன் நின்றால் உண்மை வராது.

மே 1-க்குள் முன்பணம் கட்டி முடிவு செய்ய வேண்டியது கல்லூரியை மட்டுமே. மேஜரை அறிவிப்பது பெரும்பாலும் இரண்டாமாண்டின் இறுதியில்தான். அதுவரை கணிதமும் நாடகமும் இணையாகப் போகலாம். முதல் செமஸ்டரில் நடிப்போ பிரதி வாசிப்போ ஒரு நாடகப் பாடம், ஒரு கணிதப் பாடம், மற்ற இரண்டும் அவர் இதுவரை தொடாத துறைகளில் என்று எடுக்கச் சொல்வேன். கல்லூரி நாடகங்களில் பாத்திரங்களுக்கான ஆடிஷன்கள் வகுப்பு தொடங்கிய சில நாள்களிலேயே நடந்து முடிந்துவிடும். அவற்றுக்குப் போகட்டும், பாத்திரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதே வாரத்தில் பின்மேடைப் பணிக்கும் பெயர் கொடுத்துவிட வேண்டும்.